இலைவழிப் போகும் நீர்

உலகின் நிலப்பரப்பில் ஓராண்டில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 1,10,000 முதல் 1,20,000 கன கிலோமீட்டர். ஆறுகள் வழியாகவும் நிலத்தடிக் கசிவாகவும் அதில் கடலைச் சேர்வது 40,000 முதல் 45,000 கன கிலோமீட்டர்தான். மீதியுள்ள 65,000 முதல் 75,000 கன கிலோமீட்டர் நீர், கடலைக் காணாமலே நிலத்திலிருந்து ஆவியாகி மேலே போய்விடுகிறது. இப்படிப் போகும் ஆவியில் ஏரி குளங்களின் பங்கு சிறிது. வெறும் மண்ணின் பங்கு அதைவிடப் பெரிது. எல்லாவற்றிலும் பெரியது காடு, புல்வெளி, பயிர் ஆகியவற்றின் இலைகளிலிருந்து எழும் நீராவிப்போக்கு. அணை மட்டம், ஆற்று வரத்து, கிணற்று ஆழம் என்று அளந்து எழுதப்படும் நீரைவிட எழுதப்படாத இந்த நீர் அதிகம்.

இலைகளின் பங்கு எவ்வளவு என்பதில் நெடுநாளாக இழுபறி உண்டு. 2013இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஏரி நீரின் ஐசோடோப்புகளை வைத்து, நிலத்திலிருந்து எழும் ஆவியில் 80 முதல் 90 விழுக்காடு செடிகளுடையது என்றது. உடனே மறுப்புகள் வந்தன. 2015இல் சயன்ஸ் இதழில் வந்த இன்னோர் ஆய்வு அதை 64 விழுக்காடாகக் குறைத்தது. இன்று பலரும் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டிய எண்ணையே கையாளுகிறார்கள். எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணின் மேற்பரப்பிலிருந்து போவது. இன்னொரு பகுதி, இலைமேல் தங்கித் தரையைத் தொடாமலே உலர்ந்துவிடும் மழை. அடர்ந்த காட்டில் பெய்யும் மழையில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை இப்படியே போகும். சிறு தூறலானால் மரத்தடி மண் நனைவதே இல்லை.

இந்த ஆவிக்கு ஆகும் வெப்பச் செலவும் சிறியதல்ல. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும். நிலம் உள்வாங்கும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி இந்த ஒரே வேலைக்குப் போகிறது. நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் என்று மனிதகுலம் ஓராண்டில் செலவிடும் ஆற்றல் முழுவதையும் கூட்டினாலும் அது இதில் இருநூறில் ஒரு பங்குக்குக் குறைவு.

இலைவழிப் போகும் நீரை முதன்முதலில் முறையாக எடைபோட்டுப் பார்த்தவர் லண்டனை அடுத்த டெடிங்டன் கிராமத்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். 1724 கோடையில், மூன்றரை அடி உயரம் வளர்ந்த ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு எடுத்து, தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடினார். தண்ணீர் ஊற்ற ஒரு சிறு குழாயும் காற்றுக்கு இன்னொரு குழாயும் மட்டும் விட்டு, மற்ற இடுக்குகளை அடைத்தார். இனி எடை குறைந்தால் அது செடியின் வழியாகப் போனதாகவே இருக்க வேண்டும். காலையும் மாலையும் தொட்டியைத் தராசில் ஏற்றினார். பகல் 12 மணி நேரத்தில் சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல், குறைந்தது. நல்ல வெயில் அடித்த ஒரு நாளில் 1 பவுண்டு 14 அவுன்ஸ் போயிற்று. வெப்பமான, பனியில்லாத இரவில் சுமார் 3 அவுன்ஸ். பனி விழுந்த இரவில் ஒன்றுமில்லை. அத்தோடு நிற்காமல் இலைகளைப் பறித்து, அளவுவாரியாகப் பிரித்து, மொத்தப் பரப்பு 39 சதுர அடி என்றும் கண்டார். எடைக்கு எடை பார்த்தால் சூரியகாந்தி மனிதனைவிட 17 மடங்கு நீரை உள்வாங்கி வெளிவிடுகிறது என்பது அவர் முடிவு. 1727இல் 'வெஜிடபிள் ஸ்டாடிக்ஸ்' என்ற நூலாக இவை அச்சாயின. தொட்டியை மூடி எடைபோடும் அந்த முறை இன்றும் ஆய்வுப் பண்ணைகளில் வழக்கத்தில் இருக்கிறது. தொட்டியின் அளவுதான் பெருத்திருக்கிறது; வயலிலேயே பல டன் மண்ணோடு புதைத்துவைத்த லைசிமீட்டர் மிகச் சிறிய எடை மாற்றத்தையும் காட்டிவிடும்.

ஹேல்ஸ் அளந்த நீர் வெளியேறும் வாசல்கள் இலைத்துளைகள். பெரும்பாலான செடிகளில் இலையின் அடிப்புறத்தில், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 முதல் 300 வரை இருக்கும். ஒவ்வொரு துளையின் இருபுறமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்பு செல்கள். பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொண்டால் அவற்றுள் நீர் புகுந்து விறைத்து வளைகின்றன, துளை திறக்கிறது. அயனிகள் வெளியேறினால் தளர்கின்றன, துளை மூடுகிறது. மண் காயும்போது செடிக்குள் பெருகும் அப்சிசிக் அமிலம் மூடச் சொல்லும் சமிக்ஞை. எல்லாத் துளைகளும் முழுக்கத் திறந்திருந்தாலும் அவற்றின் பரப்பு இலைப்பரப்பில் ஓரிரண்டு விழுக்காடுதான். ஆனால் இலையின் அளவேயுள்ள திறந்த நீர்ப்பரப்பு இழப்பதில் பாதியையோ அதற்கு மேலோ அந்த இலை இழக்கக்கூடும். ஒரு பெரிய வாசலைவிடத் தள்ளித் தள்ளி வைத்த பல்லாயிரம் சிறு வாசல்கள் ஆவியைக் கூடுதலாகக் கடத்தும் என்பது விரவல் விதிகளின் விளைவு.

துளைகளைத் திறப்பது நீரை விடுவதற்காக அல்ல. கார்பன் டை ஆக்சைடை வாங்குவதற்காக. இலையின் உட்பகுதி எப்போதும் ஈரமானது. வெளிக்காற்று உள்ளே வரக் கதவைத் திறந்தால் உள்ளிருக்கும் ஆவி வெளியேறத்தான் செய்யும். வேர் உறிஞ்சும் நீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் இப்படிப் போகிறது. செடியின் உடலில் தங்குவது மிகச் சிறிது. இதை வீண் என்று சொல்லிவிட முடியாது. மண்ணிலுள்ள உப்புகள் மேலே வருவதும் கோடையில் இலை கருகாமல் இருப்பதும் இந்த ஓட்டத்தோடு சேர்ந்தவை.

ஓட்டம் மேலே ஏறும் விதம் நெடுங்காலம் புதிராக இருந்தது. காற்றை உறிஞ்சி எடுத்த குழாயில் நீர் 10 மீட்டருக்கு மேல் ஏறாது. கலிபோர்னியாவின் செம்மரங்களோ 100 மீட்டரைத் தாண்டியவை. தண்டிலுள்ள உயிருள்ள செல்கள் பம்புபோல் வேலைசெய்கின்றன என்று சிலர் கருதினார்கள். ஜெர்மன் தாவரவியலாளர் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் 1890களில் உயரமான மரங்களை அடியில் வெட்டி, வெட்டுமுனையை நச்சுக் கரைசலில் நிறுத்திப் பார்த்தார். வழியிலிருந்த செல்களைக் கொன்றுகொண்டே கரைசல் மேலே ஏறிற்று. இலைகளை எட்டி அவையும் செத்த பிறகே ஏற்றம் ஓய்ந்தது. தண்டு வெறும் வழிதான், இழுப்பது இலை என்பது அதோடு தெளிவாயிற்று. 1894இல் டப்ளினைச் சேர்ந்த ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் விளக்கத்தைத் தந்தார்கள். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றுபவை. இலையில் ஒன்று ஆவியாகும்போது அடுத்தது இழுபடுகிறது. அந்த இழுப்பு சைலம் குழாய்கள் வழியாக வேர்முனை வரை இறங்குகிறது. நண்பகலில் ஒரு சாதாரண இலையில் இந்த இழுவிசை 10 முதல் 20 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். பாதி ஈரப்பதமே உள்ள வெளிக்காற்றின் இழுப்பைக் கணக்கிட்டால் அது 900 வளிமண்டலத்தை எட்டும். செடியின் பாடு, ஏற்றுவதில் அல்ல, அந்த இழுப்புக்கு அணைபோடுவதில்தான் இருக்கிறது.

அணைபோடும் திறம் எல்லாச் செடிக்கும் ஒன்றல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஏக்ரன் என்ற ஊரில், பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இருவர் 1910களில் பல பயிர்களை மூடிய தொட்டிகளில் வளர்த்து, ஒரு கிலோ உலர் எடை சேர்க்க ஒவ்வொன்றும் எத்தனை கிலோ நீரை ஆவியாக விடுகிறது என்று கணக்கெடுத்தார்கள். சிறுதானியங்களுக்கும் சோளத்துக்கும் 300ஐ ஒட்டி வந்தது. மக்காச்சோளத்துக்கு 370ஐ ஒட்டி. கோதுமைக்கு 500க்கு மேல். நெல்லுக்கு 700ஐ ஒட்டி. குதிரைமசாலுக்கு 800க்கு மேல். எண்கள் இப்படி இரு கூட்டமாகப் பிரிவதன் காரணம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அது தெளிவாக அரை நூற்றாண்டு ஆயிற்று. சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை சி4 வகை. அவை கார்பன் டை ஆக்சைடை முதலில் ஒரு நொதியால் பிடித்து, உள்செல்களில் செறிவாக்கிக்கொள்வதால், துளையைக் குறுக்கித் திறந்தாலே போதும். நெல், கோதுமை, பயறு வகைகள், பெரும்பாலான மரங்கள் எல்லாம் அந்த வசதி இல்லாத சி3 வகை. கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, அன்னாசி ஆகியவை இன்னும் ஒரு படி மேலே போய், காற்று குளிர்ந்த இரவில் மட்டும் துளையைத் திறந்து அமிலமாகச் சேமித்துக்கொண்டு பகல் முழுக்க மூடிவைப்பவை.

ஒரு தொட்டியை அளப்பது வேறு, ஒரு வட்டாரத்தை அளப்பது வேறு. பள்ளி ஆய்வகத்தில் இலையின் இருபுறமும் ஒட்டும் நீலநிறக் கோபால்ட் குளோரைடு தாள் இளஞ்சிவப்பாக மாறுவது ஆவி வருவதைக் காட்டும். எவ்வளவு என்று சொல்லாது. மரத்தின் தண்டில் சிறு வெப்ப ஊசிகளைச் செருகிச் சாறு ஏறும் வேகத்தைக் காண்பது ஒரு வழி. காட்டுக்கு மேலே கோபுரம் எழுப்பி, நொடிக்குப் பத்து முறைக்குமேல் காற்றின் ஏற்ற இறக்கத்தையும் அதிலுள்ள ஈரத்தையும் சேர்த்துப் பதிவுசெய்வது இன்னொரு வழி. உலகெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் இத்தகைய கோபுரங்கள் இயங்குகின்றன. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஹோவர்ட் பென்மன் 1948இல் தந்த சமன்பாடு வெயில், வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகிய நான்கை மட்டும் வைத்து ஆவியைக் கணக்கிட்டது. ஜான் மான்டீத் 1965இல் அதில் இலைத்துளையின் தடையையும் சேர்த்தார். ஐ.நா. உணவு, வேளாண் நிறுவனம் 1998இல் அதை ஒரு நடைமுறைக் கையேடாக்கிற்று. 12 சென்டிமீட்டர் உயரமுள்ள, நீர்க்குறை இல்லாத புல்தரை எவ்வளவு ஆவி விடும் என்று முதலில் காண வேண்டும். பிறகு பயிருக்கும் அதன் பருவத்துக்கும் உரிய கெழுவால் பெருக்க வேண்டும். நெல்லின் நடுப்பருவத்துக்கு அந்தக் கெழு 1.2. புல்தரைக்கு 5 மில்லிமீட்டர் வரும் ஒரு நாளில் கதிர்விடும் நெல்வயலுக்கு 6 மில்லிமீட்டர். ஓர் ஏக்கருக்கு அது 24,000 லிட்டர். இரண்டு பெரிய தண்ணீர் லாரி நாள்தோறும் வந்து ஊற்றிப் போவதற்குச் சமம்.

உலகப் பயிர்நிலம் முழுவதும் ஓராண்டில் விடும் ஆவி சுமார் 7,000 கன கிலோமீட்டர் என்று 2007இல் வெளியான பன்னாட்டு வேளாண் நீர் மதிப்பீடு கணக்கிட்டது. நிலத்திலிருந்து எழும் மொத்த ஆவியில் அது பத்தில் ஒரு பங்கு. அதிலும் ஐந்தில் நான்கு பங்கு நேரடி மழை ஈரம். பாசனத்தால் வருவது ஒரு பங்குதான். மண்ணில் தங்கி வேர்வழி ஏறும் இந்த மழை ஈரத்துக்குப் 'பச்சை நீர்' என்று பெயரிட்டு, ஆற்று நீரான 'நீல நீரோடு' சேர்த்துக் கணக்கெழுத வேண்டும் என்று 1990களில் வற்புறுத்தியவர் ஸ்வீடன் நாட்டு நீரியலாளர் மாலின் ஃபால்கன்மார்க்.

பாசனத்தில் 'மிச்சம்' என்ற பேச்சு வரும்போது பச்சையையும் நீலத்தையும் பிரித்துப் பார்க்காமல் முடியாது. ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டரை ஒட்டிய நீர் என்று தமிழ்நாட்டில் கணக்கிடுவது வழக்கம். அதில் ஆவியாவது ஏறக்குறையப் பாதி. நாற்றங்காலுக்கும் சேற்றுழவுக்கும் ஆனது போக மீதி, மண்ணுக்குள் இறங்கும் கசிவு. வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுநீர் விடும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் பாசன நீர் 30 விழுக்காடு வரை குறைகிறது. ஆனால் குறைவது பெரும்பாலும் கசிவும், தேங்கிய நீரின் ஆவியும்தான். பயிரின் நீராவிப்போக்கு அப்படியேதான் இருக்கிறது; இருக்கவும் வேண்டும். வறண்ட நிலங்களில் விளைச்சல் நீராவிப்போக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று டச்சு அறிஞர் கோர்னெலிஸ் டி விட் 1958இலேயே காட்டியிருக்கிறார். இலையைப் பட்டினிபோட்டால் களத்தில் நெல் குறையும்.

கசிவைத் தடுப்பதால் வரும் மிச்சம் மிச்சம்தானா என்பது அடுத்த கேள்வி. மேல்வயலில் கசிந்த நீர் பல இடங்களில் கீழ்வயல்காரரின் கிணற்றில் ஊறுகிறது. அந்த நீர் அந்த ஆற்றுப்படுகையை விட்டுப் போகவில்லை, ஆவியானதுதான் போயிற்று. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறும் விவசாயி மிஞ்சிய நீரில் இன்னும் ஓர் ஏக்கர் பயிர் வைக்கிறார். பண்ணைக்குள் சிக்கனம் கூடுகிறது, படுகையின் மொத்த ஆவியும் கூடுகிறது, கீழே வரும் ஆறு இளைக்கிறது. 2018இல் சயன்ஸ் இதழில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்த முரணைப் பல நாட்டு அனுபவங்களோடு எடுத்துவைத்தது. மானியம் கொடுக்கும் அரசுகள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஆற்று நீர் இலைவழிப் போய்த் தீர்ந்ததன் உச்ச உதாரணம் ஏரல் கடல். 1960இல் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த அது, ஆமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளையும் பருத்திக்கும் நெல்லுக்கும் திருப்பிவிட்டபின் அரை நூற்றாண்டுக்குள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. பூசப்படாத கால்வாய்கள் மணலில் விட்டது போக, மீதி பருத்தி இலைகள் வழியாகக் காற்றில் கலந்தது.

மரம் நட்டால் நீர் பெருகும் என்பது பரவலான நம்பிக்கை. சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் நடந்த சோதனைகள் இதற்கு நேர்மாறாகவே சொல்கின்றன. 1982இல் பாஷ், ஹியூலெட் இருவரும் உலகெங்கும் நடந்த 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மரங்களை வெட்டிய பகுதிகளில் ஓடை நீர் கூடியிருந்தது. நட்ட பகுதிகளில் குறைந்திருந்தது. பைன், யூகலிப்டஸ் மரங்கள் பத்து விழுக்காடு பரப்பில் மாறினால் ஆண்டு வரத்து சுமார் 40 மில்லிமீட்டர் மாறியது. நீலகிரியில் உதகைக்கு அருகே கிளென்மார்கனில், மத்திய மண் நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இரண்டு அடுத்தடுத்த புல்வெளிப் பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை அப்படியே விட்டு, மற்றதில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் 1972இல் யூகலிப்டஸ் வகையான நீலக் கற்பூர மரம் நட்டது. முதல் பத்தாண்டு வளர்ச்சியில் ஓடை நீர் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் அடிக்கட்டை துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில், வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததால், குறைவு 25 விழுக்காடாயிற்று. கோடை ஓட்டத்துக்கே அடி பலமாக விழுந்தது. மேல்மலைப் புல் கோடையிலும் உறைபனிக் காலத்திலும் காய்ந்து சும்மா கிடக்கும். கற்பூர மரம் ஆண்டு முழுக்கப் பச்சை. விறகுக்காக 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த மரம் நீலகிரியின் நீர்மின் அணைகளுக்கு வரும் வரத்தில் கைவைக்கிறது என்பது இப்படி அளந்து நிறுவப்பட்டது.

மரம் நீரைக் குடிப்பது கெடுதல் என்று இதிலிருந்து ஒரே தாவாகத் தாவிவிடவும் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆழவேர்ப் புதர்க்காடுகளை அழித்துக் கோதுமை விதைத்தார்கள். அந்தக் காடு ஆண்டு முழுவதும் மழையை உறிஞ்சி ஆவியாக விட்டுக்கொண்டிருந்ததால், கடல்காற்று காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த உப்பு மண்ணின் ஆழத்தில் அசையாமல் கிடந்தது. கோதுமையின் வேர் குட்டை. அதன் வாழ்வோ சில மாதங்கள். குடிக்க ஆளில்லாத நீர் கீழே சேர்ந்து, நிலத்தடி மட்டம் உயர்ந்து, உப்பையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. ரயில் என்ஜின்களின் கொதிகலனுக்கு எடுக்கும் ஓடை நீர் உப்பாகிக்கொண்டே போவதைக் கவனித்த ரயில்வே பொறியாளர் டபிள்யூ. இ. வுட் 1924இலேயே காரணத்தை எழுதிவைத்தார். காடழிப்பு அதற்குப் பின்னும் நிற்கவில்லை. இன்று அங்கே பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் உப்பேறிக் கிடக்கிறது. அதே மாநிலத்தில் முயல்களைத் தடுக்கப் போட்ட நெடும் வேலியின் ஒருபுறம் காடும் மறுபுறம் கோதுமையும் இருக்கும் பகுதியில், கோடை மேகங்கள் காட்டுப்புறத்தில் கூடுவதை ஆய்வாளர்கள் விமானத்தில் பறந்து பதிவுசெய்திருக்கிறார்கள்.

ஆவியாவதற்கு எடுத்த வெப்பம் தரையைச் சுடாது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வசந்தத்தில் இலை துளிர்த்ததும் பகல் வெப்பம் அதுவரை ஏறிவந்த வேகத்தில் ஏறாமல் தயங்குவதை வானிலைப் பதிவுகள் காட்டுகின்றன. வெப்ப அலையின்போது நிலைமை சற்றுச் சிக்கலானது. ஐரோப்பியக் கோபுரங்களின் பதிவுகளை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டு ஆய்வொன்றின்படி, வெப்ப அலையின் தொடக்கத்தில் புல்வெளி தாராளமாக ஆவி விட்டுக் காற்றைக் குளிர்விக்கிறது. காடு துளைகளைக் குறுக்கிக்கொள்வதால் அதன் மேலுள்ள காற்று கூடுதலாகச் சுடுகிறது. நாள் நீளநீளப் புல்வெளியின் மண் வறண்டு கைவிரிக்கும். சேமித்துவைத்த காடு அப்போதும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

குளிர்ச்சி என்றால் சுகம் என்று பொருளல்ல. புழுக்கமும் கூடவே வரும். அமெரிக்காவின் மக்காச்சோள வட்டாரத்தில் ஜூலை மாதத்தில் ஓர் ஏக்கர் பயிர் நாளொன்றுக்கு 11,000 முதல் 15,000 லிட்டர் வரை ஆவி விடுகிறது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றோடு இதுவும் சேர்ந்து, 2011 ஜூலை 19 அன்று மினசோட்டா மாநிலத்து மூர்ஹெட்டில் காற்றின் ஈரத்தைக் காட்டும் பனிநிலை 31 டிகிரி செல்சியஸை எட்டியது. கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் ஊர் அது. இந்தியாவில் சிந்து, கங்கைச் சமவெளிப் பாசனத்தை ஆராய்ந்த ஐஐடி காந்திநகர் குழு 2020இல் சொன்னதும் இதே வகை: பாசனம் தரையையும் காற்றையும் சற்றுக் குளிர்விக்கிறது, ஆனால் ஈரப்பதத்தைக் கூட்டி, வியர்வை உலராத வெக்கையை அதிகப்படுத்துகிறது. வயலில் குனிந்து வேலைசெய்பவருக்கு வெப்பமானியில் குறைந்த அரை டிகிரியால் பயன் இல்லை.

எழுந்த ஆவி காற்றில் தங்குவது சராசரியாக எட்டு முதல் பத்து நாள். அதற்குள் எங்கோ மழையாக விழ வேண்டும். நிலத்திலிருந்து எழும் ஆவியில் 57 விழுக்காடு மறுபடியும் நிலத்திலேயே விழுகிறது என்றும், நிலத்தில் பெய்யும் மழையில் 40 விழுக்காடு இப்படி நிலத்திலிருந்து எழுந்ததே என்றும் 2010இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கிளென்மார்கன் ஓடையின் கணக்கில் செலவு என்று எழுதப்படும் ஆவி, இன்னொரு வட்டாரத்தின் கணக்கில் வரவாக ஏறுகிறது. மரம் நீரைக் குடிக்கிறதா, மழையைத் தருகிறதா என்ற வழக்கு ஓயாமல் நடப்பதற்குக் காரணம், இரு தரப்பும் வெவ்வேறு பரப்புகளுக்குக் கணக்கெழுதிக்கொண்டு ஒரே கணக்கு என்று நினைப்பதுதான்.

பெரிய பரப்பின் கணக்குக்கு அமேசானைவிடத் தெளிவான இடம் இல்லை. அட்லாண்டிக் கடலிலிருந்து வணிகக் காற்று கொண்டுவரும் ஈரம், ஆண்டீஸ் மலை வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் சமதளத்தைக் கடக்கிறது. வழிநெடுக மழை பெய்தால் காற்று வறண்டுகொண்டே போக வேண்டும். அதோடு, கனமான ஐசோடோப்பு கொண்ட நீர் முதலில் பெய்துவிடுவதால் உள்நாட்டு மழை இலேசாகிக்கொண்டே போக வேண்டும். பிரேசில் அறிவியலாளர் எனேயாஸ் சலாட்டி 1970களில் ஆற்றுநெடுக மழைநீர் மாதிரிகளைச் சேகரித்துப் பார்த்தபோது, எதிர்பார்த்த அளவு இலேசாகவில்லை. மண்ணிலிருந்தும் ஏரியிலிருந்தும் ஆவியாகும் நீர் கனத்தைப் பின்னால் விட்டுவிட்டு இலேசாக எழும். இலைவழிப் போகும் நீர் அப்படிப் பிரிவதில்லை. வேர் உறிஞ்சிய கலவை அப்படியே வெளிவருகிறது. பெய்த மழையைக் காடு திரும்பத் திரும்ப மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அமேசான் மழையில் பாதியை ஒட்டிய பங்கு இப்படி மறுசுழற்சியாவது என்று சலாட்டி 1979இல் எழுதினார்.

காடு மழையைத் திருப்பி அனுப்புவதோடு நிற்கவில்லை. மழைக்காலத்தையே முன்கூட்டி அழைக்கிறது. கிழக்கு அமேசானின் பரகோமினாஸ் பகுதியில் மரவேர்கள் 8 மீட்டருக்கும் கீழே இறங்கியிருப்பது 1994இல் தெரியவந்தது. அந்த ஆழ நீரால் கோடையிலும் மரங்கள் வாடுவதில்லை. மேகமில்லாத வெயிலில் புது இலை விடுகின்றன, ஆவியும் பெருகுகிறது. தெற்கு அமேசானில் மழைக்காலம், கடலிலிருந்து ஈரம் கொண்டுவரும் காற்றுமண்டலம் தெற்கே நகர்வதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுவது வெகுகாலம் விளங்காமல் இருந்தது. ஆரா செயற்கைக்கோள் அளந்த கன ஹைட்ரஜன் விகிதத்தை வைத்து, அந்த முதல் மேகங்களின் ஈரம் இலைகளிலிருந்து வந்தது என்று 2017இல் காட்டினார்கள். மேகம் கூட, காற்று சூடாகி ஏற, கடல்காற்று உள்ளே இழுபடுகிறது. ஆண்டீஸ் மலையில் முட்டித் தெற்கே திரும்பும் ஈரக்காற்றைப் 'பறக்கும் ஆறுகள்' என்று பிரேசில்காரர்கள் சொல்வது வழக்கம். தெற்கே உள்ள பிளேட் ஆற்றுப்படுகையின் வயல்களுக்கு மழை தருவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அமேசான் காட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஏற்கெனவே அழிந்திருக்கிறது. சிறு அளவில் வெட்டிய இடங்களில் வெட்டவெளியின் சூட்டால் மேகம் கூடுவதும் உண்டு; பரப்பு பெருகப் பெருக அந்த விளைவு போய், கோடை நீள்கிறது. அடர்ந்த செடிகொடிகளின் மேல் சில நாள் பயணம் செய்துவந்த காற்று, அப்படி வராத காற்றைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு மழை தருகிறது என்பது வெப்பமண்டலம் முழுவதையும் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் பெய்து தீர்த்துவிட, தமிழ்நாடு மழைமறைவில் நிற்கிறது. ஆனால் மலைக்காடுகள் அந்த மழையைப் பிடித்துவைத்து, வெயில் அடிக்கும் இடைவெளிகளில் ஆவியாக விட, காற்று அதைக் கிழக்கே கொண்டுவருகிறது. தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழையில் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை இந்தக் காடுகளின் ஆவி என்று ஐஐடி பம்பாய் குழு 2018இல் கணினி மாதிரிகள் மூலம் மதிப்பிட்டது. வடகிழக்குப் பருவமழைக்கு இது பொருந்தாது. அந்த ஈரம் வங்கக் கடலிலிருந்து வருவது.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால் இலைகளின் போக்கும் மாறிவருகிறது. கேம்பிரிட்ஜில் இயன் உட்வர்ட் 1987இல் உலர் தாவரச் சேகரிப்பிலிருந்த 200 ஆண்டு இலைகளை நுண்ணோக்கியில் வைத்து எண்ணியபோது, இலைத்துளை அடர்த்தி 40 விழுக்காடு குறைந்திருக்கக் கண்டார். திறந்த வயலில் குழாய்களால் அந்த வாயுவைக் கூட்டி நடத்திய சோதனைகளில் இலைத்துளைகள் வழியான கடத்தல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வயல் முழுவதற்குமான மிச்சம் அவ்வளவு வருவதில்லை. ஆவி குறைந்த இலை சூடாகிறது, சூடான இலையிலிருந்து நீர் எளிதில் போகிறது. செடியும் கூடுதல் இலை விடுகிறது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று கொள்ளக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுவதால், வெளியிலிருந்து வரும் இழுப்பும் வளர்ந்துகொண்டே போகிறது.

இலைப்பரப்பு கூடிவருவதைச் செயற்கைக்கோள்கள் நேரடியாகவே காண்கின்றன. 2000 முதல் 2017 வரை உலகின் பச்சைப் பரப்பில் ஏற்பட்ட வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு சீனாவிலும் இந்தியாவிலும் நடந்தது. சீனாவில் புதுக்காடுகளும் பயிர்களும் அதைப் பகிர்ந்துகொண்டன. இந்தியாவில் ஐந்தில் நான்கு பங்கு பயிர்நிலத்தால் வந்தது. ஒரு போகம் இரு போகமாகி, கோடையிலும் வயல் பச்சையாக நின்றதால் வந்தது. அந்தப் பச்சைக்கு வேண்டிய நீரை ஆழ்துளைக் கிணறுகள் தந்தன. புவியீர்ப்பை அளந்த கிரேஸ் செயற்கைக்கோள்களின் கணக்குப்படி, 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், டெல்லி பகுதிகளின் நிலத்தடியிலிருந்து குறைந்த நீர் 109 கன கிலோமீட்டர். அந்த ஆண்டுகளில் அங்கே மழை பொய்க்கவில்லை. அந்த நீரில் பெரும்பகுதி போன வழி நெல், கோதுமை வயல்கள்.